கடலோரத்தில் மழை, மலையடியில் வெண்பனி



‘பனி’ என்ற சொல் நமக்குப் புதியதன்று. விடியற்காலையில் புல்நுனியில் முத்து முத்தாக நிற்பதையும் பனி என்கிறோம். கேமரன் மலைப் பாதையில் கண்ணை மறைப்பதையும் பனி என்கிறோம். ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது வேறொரு பனி. பஞ்சுத் துகள் போல வானிலிருந்து இறங்கி, வயலையும் வீட்டையும் மூடும் வெண்பனி. வெப்ப நாட்டில் வாழும் நாம் இதைப் படத்தில்தான் பார்த்திருப்போம். ஆயினும், வெண்பனி எங்கே பெய்கிறது, எங்கே பெய்யவில்லை என்பதை ஆராய்ந்தால், நம் நாட்டு மழையைப் பற்றியும் ஓர் உண்மை விளங்கும். அது என்ன என்பதைக் கடைசியில் பார்ப்போம்.

வெண்பனி பெய்யக் குளிர் வேண்டும் என்பது எல்லாரும் அறிந்ததே. அப்படியானால், அதிகக் குளிர் உள்ள இடத்தில் அதிகப் பனி பெய்ய வேண்டும் அல்லவா? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. ருஷ்யாவின் கிழக்குக் கரையில் விளாடிவொஸ்டோக் என்ற துறைமுகம் இருக்கிறது. சனவரி மாதத்தில் அங்கே சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்கும் கீழே 12 டிகிரி அளவில் இருக்கும். ஆனால் அங்கே பெய்யும் பனி சொற்பம். அதற்கு எதிர்க்கரையில், ஜப்பான் கடலைத் தாண்டி, நீகாட்டா மாநிலம் இருக்கிறது. கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரமும் நீகாட்டா நகரமும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில் உள்ளவை. கடும் குளிர்ப் பிரதேசம் என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால், அந்த மாநிலத்தின் சில ஊர்களில் ஆள் உயரத்துக்கு இருமடங்கு வெண்பனி குவிந்தது உண்டு.

இன்னொரு புதிர். சனவரி மாதத்தில் தோக்கியோவில் பெரும்பாலான நாட்களில் வானம் நீலமாக, மேகமின்றி இருக்கும். அங்கிருந்து அதிவேக ரயிலில் ஏறி வடமேற்கே போனால், ஏறத்தாழ 22 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு சுரங்கப் பாதை வருகிறது. 1982-ஆம் ஆண்டு முதல் ரயில்கள் ஓடும் பாதை அது. அதன் இந்தப் பக்கத்தில் வெயில். அந்தப் பக்கத்தில் வெளியே வந்தால் கூரை தெரியாத வீடுகள். சில நிமிடப் பயணத்தில் இத்தனை வேறுபாடு! ஒரே நாடு, ஒரே நாள், ஒரே காற்று. பின் ஏன் இப்படி?

விடையைக் காண, காற்றோடு சேர்ந்து நாமும் ஒரு பயணம் போவோம்.

குளிர்காலத்தில் சைபீரியாவின் பரந்த நிலப்பரப்பு உறைந்து கிடக்கிறது. யாகுட்ஸ்க் போன்ற ஊர்களில் சனவரி மாதச் சராசரியே பூச்சியத்துக்குக் கீழே 35 டிகிரிக்கும் கீழ். அந்த நிலத்தின்மேல் கிடக்கும் காற்று குளிர்ந்து, கனத்து, உயர் அழுத்தமாகத் திரளுகிறது. திரண்ட காற்று தென்கிழக்காக, கடலை நோக்கி வழிகிறது. இந்தக் காற்று மிகவும் குளிர்ந்தது. மிகவும் வறண்டதும் கூட. ஏன் வறண்டது? குளிர்ந்த காற்றால் நீராவியைத் தாங்க முடியாது. நம் ஊர் வெப்பமான 30 டிகிரியில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். பூச்சியம் டிகிரியில் சுமார் 5 கிராம். பூச்சியத்துக்குக் கீழே 20 டிகிரியில் ஒரு கிராம் அளவுதான். கையில் காசில்லாதவன் தருமம் செய்ய முடியாதது போல, நீராவி இல்லாத காற்று பனியைப் பொழிய முடியாது. விளாடிவொஸ்டோக்கில் குளிர் இருந்தும் பனி குறைவாக இருப்பதன் காரணம் இதுதான்.

இப்போது அந்தக் காற்று கடலுக்கு வருகிறது. ஜப்பான் கடல் குளிர்காலத்திலும் ஓரளவு வெதுவெதுப்பாகவே இருக்கும். தெற்கிலிருந்து சுஷிமா நீரோட்டம் என்னும் வெப்ப நீரோட்டம் அதற்குள் பாய்கிறது. அதனால் கடலின் தென்பகுதியில் நடுக்குளிர்காலத்திலும் நீரின் வெப்பம் 10 டிகிரி அளவில் இருக்கும். உறைநிலைக்கு எவ்வளவோ கீழே உள்ள காற்று, 10 டிகிரி நீரின்மேல் வீசினால் என்ன ஆகும்? கொதிக்கும் பானையின்மேல் ஆவி எழுவதைப் பார்த்திருக்கிறோம். அதுபோலவே கடலிலிருந்து நீராவி எழுந்து காற்றில் கலக்கிறது. அடியிலிருந்து சூடேறிய காற்று இலேசாகி மேலே எழும்புகிறது. எழும்பிய இடத்தில் குளிர்ந்து மேகமாகிறது.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மேகம் கடலில் இறங்கிய மறுகணமே உண்டாவதில்லை. வானத்திலிருந்து துணைக்கோள்கள் எடுத்த படங்களில் இது நன்றாகத் தெரிகிறது. ஆசியக் கரையை ஒட்டி ஒரு பட்டை கடல் மேகமில்லாமல் இருக்கும். அதற்கு அப்பால்தான், சீப்பால் வாரிய கூந்தல் போல, நீளநீளமான மேக வரிகள் தொடங்குகின்றன. காற்று எவ்வளவு தூரம் கடலின்மேல் ஓடுகிறதோ, அவ்வளவு நீராவியைச் சேர்க்கிறது. காற்று மிகக் கடுமையாகக் குளிர்ந்திருந்தால் மேக வரிகள் கரைக்கு அருகிலேயே தொடங்கும். வானிலை ஆய்வாளர்கள் இந்த இடைவெளியின் அகலத்தை அளந்தே குளிரின் கடுமையை மதிப்பிடுகிறார்கள்.

ஆகவே முதல் விதி இது: குளிர்ந்த காற்று கடந்து வரும் கடலின் தூரம் அதிகமானால், எதிர்க்கரையில் பனியும் அதிகமாகும்.

சரி, மேகம் கரைக்கு வந்து சேர்ந்தது. கரையிலேயே எல்லாவற்றையும் கொட்டிவிடுமா? இல்லை. கடலோரத்தில் வெண்பனி குறையக் காரணங்கள் இரண்டு.

முதற்காரணம் வெப்பம். கடலின்மேல் தவழ்ந்து வந்த கீழ்க்காற்று இன்னும் கடலின் சூட்டைச் சுமந்துகொண்டிருக்கிறது. மேலே பனியாகப் புறப்பட்டது, கீழே இரண்டு மூன்று டிகிரி வெப்பத்தில் நுழைந்ததும் உருகத் தொடங்குகிறது. முழுவதும் உருகினால் மழை. பாதி உருகினால் மழையும் பனியும் கலந்த சேறு போன்ற பொழிவு. உள்நாட்டுக்குள் சில கிலோமீட்டர் போனால், தரை குளிர்ந்திருக்கிறது. அங்கே விழும் பனி உருகாமல் தங்குகிறது. கடற்கரையில் குடை பிடித்து நடப்பவரும், அரைமணிப் பயணத்துக்கு அப்பால் மண்வாரி கொண்டு பனி அள்ளுபவரும் ஒரே மேகத்தின் கீழே இருக்கலாம்.

இரண்டாவது காரணம் காற்றின் வேகம். இதை ஒரு சிறு கணக்கால் விளக்குவோம். மழைத்துளி கனமானது, பெரிய துளி நொடிக்கு ஏழெட்டு மீட்டர் வேகத்தில் விழும். பனிச் செதிலோ இலேசானது. நொடிக்கு ஒரு மீட்டர் அளவே இறங்கும். இரண்டு கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது தரைக்கு வர 2,000 நொடி, அதாவது அரைமணிக்கும் சற்று மேல் ஆகும். அந்த நேரத்தில் காற்று நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் வீசினால், அச்செதில் 30 கிலோமீட்டர் தூரம் அடித்துச் செல்லப்படும். கடற்கரைக்கு மேலே உருவான பனி, நடுநாட்டு மலையடியில் போய் விழுகிறது. அதே மேகத்தில் உண்டாகும் சிறு பனி உருண்டைகள் கனம் அதிகம் ஆதலால் விரைவாக விழுந்து, கடலோரத்திலேயே தங்கிவிடும். காற்று நெல்லையும் பதரையும் பிரிப்பதைப் போலத்தான் இதுவும். முறத்தில் புடைக்கும்போது கனமான நெல் அருகே விழும். இலேசான பதர் தூரப் போய் விழும்.

இதற்குமேல் மலை குறுக்கிடுகிறது. ஈப்போவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறுபவர்கள் வழியில் குளிர் கூடுவதை உணர்வார்கள். உயரம் கூடக்கூட வெப்பம் குறைகிறது; ஈரக் காற்றில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆறு டிகிரி. ஜப்பானின் பெரிய தீவாகிய ஹோன்ஷூவின் நடுவே, முதுகெலும்பு போல, 2,000 மீட்டர் அளவும் அதற்கு மேலும் உயர்ந்த மலைகள் நிற்கின்றன. கடற்காற்று அவற்றில் மோதி மேலேற வேண்டியிருக்கிறது. ஏறும்போது குளிர்கிறது, குளிரும்போது நீராவியைப் பிழிந்துவிடுகிறது. ஈரத் துணியை முறுக்குவது போல மலை மேகத்தை முறுக்குகிறது என்று சொல்லலாம்.

முறுக்கிப் பிழிந்த துணியில் என்ன இருக்கும்? மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும் காற்றில் ஈரம் இல்லை. இறங்கும்போது அது சூடேறி, இன்னும் வறண்டு போகிறது. தோக்கியோவைச் சுற்றியுள்ள சமவெளியில் குளிர்காலம் முழுவதும் வீசும் வறண்ட காற்று இதுதான். சுரங்கப் பாதையின் இரு முனைகளிலும் இரு வேறு வானங்கள் இருப்பதன் இரகசியம் இப்போது விளங்கியிருக்கும். தோக்கியோவிலும் சில வேளை பனி பெய்வதுண்டு. 2014-ஆம் ஆண்டு பிப்ரவரியில் 27 சென்டிமீட்டர் பனி அங்கே படிந்தது. ஆனால் அது பசிபிக் கடற்கரையை ஒட்டிக் கடந்து செல்லும் தாழ்வழுத்தத்தால் வருவது. நாம் பேசும் பனியோடு அதற்கு உறவில்லை.

இனி, நீகாட்டா மாநிலத்தின் ஊர்களை வரிசையாகப் பார்ப்போம். கடலோரத்தில் நீகாட்டா நகரம். எதிரே கடலில் சாடோ தீவு. அந்தத் தீவின் மலை 1,172 மீட்டர் உயரம். வடமேற்குக் காற்று கொண்டுவரும் ஈரத்தில் ஒரு பங்கை அத்தீவே வாங்கிக்கொள்கிறது. ஆகவே நீகாட்டா நகரம் ஒரு சுவருக்குப் பின்னால் இருப்பதைப் போல ஓரளவு காப்பாற்றப்படுகிறது. பின்னால் மலையும் தொலைவில். அதனால் அங்கே பனி குறைவு. கடலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உள்ளே நாகவோகா நகரம். அங்கே பனி அதிகம். இன்னும் உள்ளே, மலைகளுக்கு இடையே யுசாவா, சுனான் முதலிய ஊர்கள். அங்கே பனி மிக மிக அதிகம். 2006-ஆம் ஆண்டு பிப்ரவரி 5-ஆம் நாள் சுனானில் 416 சென்டிமீட்டர் பனி குவிந்திருந்தது.

இப்படியானால், கடலுக்குத் தூரம் கூடினால் பனி கூடும் என்று ஒரே விதியாகச் சொல்லிவிடலாமா? முடியாது. அதே மாநிலத்தில் தக்காடா என்ற பழைய நகரம் இருக்கிறது. இப்போது ஜோயெட்சு நகரத்தின் ஒரு பகுதி. கடலிலிருந்து பத்துக் கிலோமீட்டர்கூட இல்லை. தரையும் தாழ்ந்த சமவெளிதான். ஆனால் 1945-ஆம் ஆண்டு பிப்ரவரி 26-ஆம் நாள் அங்கே 377 சென்டிமீட்டர் பனி அளக்கப்பட்டது. பழங்காலத்தில் ஒரு கடும்பனி ஆண்டில், ‘தக்காடா நகரம் இதன் கீழே உள்ளது’ என்று பனியின்மேல் பலகை நட்டு வைத்தார்களாம். அப்படி ஒரு கதை அவ்வூரில் வழங்குகிறது.

தக்காடாவுக்கு ஏன் இந்த நிலை? அதன் சமவெளி கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது; மற்றப் பக்கங்களில் மலைகள் நெருங்கி நிற்கின்றன. தெற்கே மியோக்கோ மலை 2,454 மீட்டர் உயரம். வந்த காற்று ஒதுங்கிப் போக வழியில்லை. உள்ளே நுழைந்த கூட்டம் வாசல் இல்லாத மண்டபத்தில் நெருக்குண்டு நிற்பதைப் போல, காற்று குவிந்து, மேலெழும்பி, சமவெளியிலேயே பனியைக் கொட்டுகிறது.

ஜப்பானியர்கள் நெடுங்காலமாகவே பனியை இரு வகையாகப் பிரித்திருக்கிறார்கள். ஒன்று ‘யமயுகி’, அதாவது மலைப்பனி. மற்றொன்று ‘சத்தோயுகி’, அதாவது ஊர்ப்பனி. காற்று பலமாக வீசும் நாளில் மேகங்கள் சமவெளியைத் தாண்டி ஓடி மலையில் மோதுகின்றன, அது மலைப்பனி. காற்று தணிந்து, ஆனால் வானத்தின் மேல்மட்டத்தில் கடுங்குளிர் வந்து தங்கிய நாளில், மேகங்கள் கடலோரத்திலேயே பெரிதாக வளர்கின்றன. அப்போது உள்நாட்டுப் பள்ளத்தாக்குகளிலிருந்து இரவில் வழிந்து வரும் குளிர்காற்று, கடலிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றைக் கரையிலேயே எதிர்கொள்கிறது. கனமான குளிர்காற்று ஆப்பு போலக் கீழே நுழைய, கடற்காற்று அதன்மேல் ஏறுகிறது. மலை செய்யும் வேலையை அங்கே ஒரு குளிர்காற்றுப் படலமே செய்துவிடுகிறது. அது ஊர்ப்பனி.

ஊர்ப்பனிதான் மக்களுக்கு அதிகக் கேடு செய்வது. மலையூர்கள் பனிக்குப் பழகியவை. வீடுகளும் பாதைகளும் அதற்கேற்பக் கட்டப்பட்டவை. சமவெளி நகரங்களில்தான் கூட்டம் அதிகம், ரயிலும் சாலையும் அதிகம். 1963-ஆம் ஆண்டு சனவரியில் வாரக்கணக்கில் ஊர்ப்பனி பெய்தது. நாகவோகாவில் 318 சென்டிமீட்டர் பனி குவிந்தது. ரயில்கள் நாட்கணக்கில் நின்றன. அந்தக் குளிர்காலத்தில் 231 பேர் மாண்டோ காணாமலோ போயினர்.

மலை இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? சுவரில் ஓட்டை இருந்தால் காற்று அதன் வழியே பாய்வது இயல்பு. ஹோன்ஷூவின் நடுப்பகுதியில், வகாசா வளைகுடாவிலிருந்து பீவா ஏரியின் பக்கமாக ஒரு தாழ்வான இடைவெளி இருக்கிறது. பனிமேகங்கள் அந்த வாசலில் நுழைந்து செகிகஹாரா என்ற இடம் வரை ஓடுகின்றன. 1964-இல் தொடங்கிய முதல் அதிவேக ரயில்பாதை அந்த வழியேதான் போகிறது. பனி நாட்களில் இன்றும் ரயில்கள் அங்கே வேகத்தைக் குறைக்கின்றன. அந்த வாசலின் ஓரத்தில் இபுகி மலை நிற்கிறது. உயரம் 1,377 மீட்டர்தான். ஆயினும் 1927-ஆம் ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் அதன் உச்சியில் இருந்த வானிலை நிலையத்தில் 1,182 சென்டிமீட்டர் பனி அளக்கப்பட்டது. வானிலை நிலையங்களில் இதுவரை அளந்தவற்றுள் உலகிலேயே அதிகமான ஆழம் இது. நான்கு மாடிக் கட்டடம் மூழ்கும் அளவு!

இன்னும் வியப்பான செய்தி ஒன்று. பனி விழும் ஊரின் அருகிலுள்ள மலை மட்டுமல்ல, கடலுக்கு அப்பாலுள்ள மலையும் பனியைத் தீர்மானிக்கிறது. சீனா, வடகொரியா எல்லையில் பெக்டு மலை இருக்கிறது. உயரம் 2,744 மீட்டர். சைபீரியக் காற்று அம்மலைக் கூட்டத்தில் மோதி இரண்டாகப் பிரிகிறது. பிரிந்த கிளைகள் ஜப்பான் கடலின்மேல் மறுபடியும் கூடுகின்றன. கூடும் இடத்தில் காற்று மேலெழும்பி, நீண்ட, தடித்த ஒரு மேகப் பட்டை உண்டாகிறது. ஆற்றின் நடுவிலுள்ள பாறைக்குப் பின்னால் நீர் கூடிச் சுழிப்பதை நினைத்துக்கொண்டால் போதும். அந்தப் பட்டை எந்தக் கரையைத் தொடுகிறதோ அங்கே பெரும்பனி. சில பத்துக் கிலோமீட்டர் நகர்ந்தால் வேறோர் ஊர் மாட்டிக்கொள்ளும். 2018-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அது புக்குயி நகரத்தின் பக்கம் நின்றுவிட்டது. அங்கே 147 சென்டிமீட்டர் பனி படிந்தது. தேசிய நெடுஞ்சாலை ஒன்றில் ஏறத்தாழ 1,500 வாகனங்கள் சிக்கிக்கொண்டன.

இத்தகைய பனி ஜப்பானுக்கு மட்டும் உரியதன்று. வட அமெரிக்காவின் பேரேரிகளும் இதே வேலையைச் செய்கின்றன. 2014-ஆம் ஆண்டு நவம்பரில் ஈரி ஏரியைக் கடந்து வந்த காற்று, பஃபலோ நகரின் தெற்குப் புறத்தில் ஐந்தடிக்கும் மேல் பனியைக் கொட்டியது. சில மைல் வடக்கே சில அங்குலந்தான். ஆனால் ஈரி ஏரி ஆழம் குறைந்தது. குளிர்காலத்தின் பின்பகுதியில் பெரும்பாலும் உறைந்துவிடும். உறைந்தால் நீராவி இல்லை, பனியும் அடங்கும். ஜப்பான் கடலோ உறைவதில்லை. ஆகவே அங்கே பனிக்கு ஓய்வும் இல்லை.

இத்தனை பனியோடு மக்கள் எப்படி வாழ்கிறார்கள்? தக்காடாவின் பழைய தெருக்களில் கடைகளின் முன்னே கூரை போட்ட நடைபாதைகள் உண்டு. ‘காங்கி’ என்பது அவற்றின் பெயர். நம் ஊர்க் கடைவீதிகளில் ‘அஞ்சடி’ என்கிறோமே, ஏறக்குறைய அதே அமைப்புத்தான். நாம் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குகிறோம். அவர்கள் பனிக்கு ஒதுங்குகிறார்கள். அவரவர் தம் வீட்டு முன்னிலத்தில் ஒரு பகுதியைப் பொதுவுக்கு விட்டுக் கொடுத்ததால் உண்டானவை அவை. இன்றும் மொத்தம் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன. நாகவோகாவில் 1960-களில் வேறொரு வழி கண்டார்கள். நிலத்தடி நீர் குளிர்காலத்திலும் 13 டிகிரி அளவில் இருப்பதால், சாலை நடுவே குழாய் பதித்து அந்நீரைப் பீய்ச்சிப் பனியைக் கரைத்தார்கள். பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் நீரை அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் நிலம் தாழத் தொடங்கியது. ஒரு நன்மைக்குப் பின்னால் ஒரு செலவு இருக்கத்தான் செய்கிறது.

பனியால் நன்மையும் உண்டு. மலைகளில் சேர்ந்த பனி ஒரு பெரிய நீர்த்தேக்கம். வசந்தத்தில் அது மெல்ல உருகி ஷினானோ ஆற்றில் இறங்கி, நெல் வயல்களுக்குப் பாய்கிறது. நீகாட்டா அரிசி ஜப்பான் முழுவதும் பெயர் பெற்றதற்கு இந்த நீரும் ஒரு காரணம்.

ஆனால் வெண்பனியின் அழகைப் படத்தில் பார்ப்பவர்கள் அதன் எடையை அறியமாட்டார்கள். கடலோரப் பனி ஈரம் மிகுந்தது, கனமானது. படிந்து இறுகிய பனி ஒரு கனமீட்டர் 300 கிலோகிராம் வரை இருக்கும். நூறு சதுரமீட்டர் கூரையில் ஒரு மீட்டர் ஆழம் படிந்தால் 30 டன். பல யானைகளைக் கூரையில் ஏற்றி நிறுத்தியது போல! அதை அள்ளித் தள்ளாவிட்டால் வீடு இடிந்துவிடும். அள்ளுவது யார்? இளைஞர்கள் வேலை தேடி நகரங்களுக்குப் போய்விட்டார்கள். எழுபது, எண்பது வயதுப் பெரியவர்கள் ஏணி வைத்துக் கூரை ஏறுகிறார்கள். 2005-06 குளிர்காலத்தில் ஜப்பானில் பனியால் 152 பேர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் பனியை அகற்றும்போது இறந்தவர்கள். ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 65 வயதுக்கு மேற்பட்டவர்கள். புயலோ வெள்ளமோ ஒரே நாளில் வந்து போகும். இந்தத் துன்பம் ஒரு கூரையிலிருந்து ஒருவர், ஒரு வாய்க்காலில் ஒருவர் என்று, குளிர்காலம் முழுவதும் சத்தமில்லாமல் நிகழ்கிறது.

ஆகவே, ‘நாளை நீகாட்டாவில் பனி பெய்யும்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. கடலோரத்திலா, சமவெளியிலா, மலையிலா என்று பிரித்துச் சொல்ல வேண்டும். தரையருகே வெப்பம் இரண்டு டிகிரி மாறினால் மழை பனியாகிவிடும். காற்றின் வேகம் மாறினால் மலைப்பனி ஊர்ப்பனியாகிவிடும். கூரை ஏற வேண்டிய முதியவருக்கு முன்னாளே உதவியாளை அனுப்புவதா, நெடுஞ்சாலையை மூடுவதா என்பதெல்லாம் இந்தச் சிறு வேறுபாடுகளைப் பொறுத்தே இருக்கின்றன. உலகம் வெப்பமாகி வருவதால் சமவெளியில் மொத்தப் பனி குறையும். ஆனால் கடலும் வெப்பமாகி அதிக நீராவியைக் கொடுப்பதால், குளிர் மிகுந்த உயர்ந்த இடங்களில் சில நாட்களில் பெய்யும் பனி முன்னிலும் கடுமையாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

தொடக்கத்தில் சொன்ன உண்மைக்கு இப்போது வருவோம். சைபீரியாவில் திரளும் அந்தக் குளிர்காற்று ஜப்பானுக்கு மட்டும் போவதில்லை. அதன் மற்றொரு கிளை சீனக் கரையோரமாகத் தெற்கே இறங்கி, தென்சீனக் கடலைக் கடந்து நம்மிடம் வருகிறது. வடகிழக்குப் பருவக்காற்று என்று நாம் அழைப்பது அதைத்தான். அங்கே போலவே இங்கும் அது நீண்ட தூரம் வெப்பக் கடலின்மேல் ஓடி நீராவியைச் சேர்க்கிறது. அங்கே போலவே இங்கும் எதிர்ப்படும் கரையில் பொழிகிறது. கிளந்தானும் திரங்கானுவும் நவம்பர் முதல் சனவரி வரை நனைகின்றன. தித்திவாங்சா மலைத்தொடருக்கு மேற்கே உள்ளவர்கள் அந்தக் கடுமையை அவ்வளவாக உணர்வதில்லை. வடக்கே குளிர்காற்றின் வேகம் பெருகிய நாட்களில் சிங்கப்பூரிலும் ஓயாத தூறல். 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் கிழக்குக் கரையில் வெள்ளம் பெருகி, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறியதை நாம் மறக்க முடியாது. நம்மிடம் வந்து சேருமுன் காற்று சூடேறிவிடுவதால், நமக்குக் கிடைப்பது மழை. அவர்களுக்குக் கிடைப்பது வெண்பனி.

ஆகவே நேயர்களே, ஓர் ஊரின் வானிலையை அறிய விரும்பினால், அட்சரேகையை மட்டும் பார்த்தால் போதாது. காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது? வழியில் எவ்வளவு தூரம் கடல் இருக்கிறது? கரையிலிருந்து ஊர் எவ்வளவு உள்ளே இருக்கிறது? அதன் பின்னால் மலை இருக்கிறதா, முன்னால் தீவு இருக்கிறதா, பக்கத்தில் இடைவெளி இருக்கிறதா? இந்தக் கேள்விகளைக் கேட்டுப் படத்தைப் பார்த்தால், பனியானாலும் மழையானாலும் விடை பெரும்பாலும் அங்கேயே இருக்கும். இன்று வீட்டில் இருக்கும் பிள்ளைகளை அழைத்து, ஆசியப் படத்தை விரித்து, சைபீரியாவிலிருந்து நீகாட்டாவுக்கு ஒரு கோடும், கோத்தா பாருவுக்கு ஒரு கோடும் வரைந்து காட்டுங்கள். இரு கோடுகளும் எந்தக் கடலைக் கடக்கின்றன, எந்த மலையில் முட்டுகின்றன என்பதை அவர்களே கண்டு சொல்லட்டும்.